உள்சுவரில் லூவர்: எது, எங்கே, எவ்வளவு?

வீட்டுக் காற்றோட்ட வேலையில் பல வருடம் இருந்தவன் நான். கதவிலோ உள்சுவரிலோ காற்று போய்வருவதற்காக மாட்டும், தகடுகள் அடுக்கிய சட்டம்தான் லூவர். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, பாத்ரூம் கதவைச் சாத்தினால் எக்ஸாஸ்ட் ஃபேன் சும்மா சுற்றுகிறது, ஈரம் போகவில்லை. பெரிய ஃபேன் வாங்கட்டுமா?

வேண்டாம் தம்பி. உள்ளே காற்று வர வழி இல்லாவிட்டால் எந்த ஃபேனும் வெளியே தள்ளாது. கதவின் கீழ்ப்பகுதியில் லூவர் போடுங்கள். ஃபேன் 100 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 100 கன அடி காற்றைத் தள்ளுவது என்றால், காற்று நிமிடத்துக்கு 300 அடி வேகத்தில் சத்தமில்லாமல் நுழைய 48 சதுர இன்ச் திறப்பு வேண்டும். உடனே 12 இன்ச்சுக்கு 4 இன்ச் லூவரை வாங்கிவிடாதீர்கள். உள்ளே பார்க்க முடியாதபடி மடித்த தகடுகள் ஏறக்குறைய பாதி இடத்தை மறைத்துவிடும். அதனால் 12க்கு 8 எடுங்கள். கடையில் "ஃப்ரீ ஏரியா எவ்வளவு?" என்று, அதாவது தகடு மறைத்தது போகக் காற்று நுழையும் இடம் எவ்வளவு என்று கேளுங்கள். கதவுக்கு அடியில் அரை இன்ச் இடைவெளி போதும் என்பார்கள். 30 இன்ச் கதவில் அது வெறும் 15 சதுர இன்ச்.

எங்கள் பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருக்கிறது. லூவர் போட்டால் பயமில்லைதானே சார்?

பயம் இருக்கிறது அம்மா. தயவுசெய்து லூவரை நம்பிக் குளிக்காதீர்கள். கீசர் அறைக் காற்றையே எரித்து அதே அறைக்குள் புகை விடுகிறது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மயக்கம் வந்த பிறகு கதவைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது. உள்சுவர் லூவர் அந்த வாயுவைப் படுக்கையறைக்குத்தான் கொண்டுபோகும். கீசரைக் காற்றாட இருக்கும் வெளிச்சுவரில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். அதுவரைக்கும் அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளியுங்கள்.

ஆபீஸ் ஜிப்சம் பார்டிஷனில் லூவர் வைத்தால் மீட்டிங் பேச்சு பக்கத்து அறைக்குக் கேட்கிறது.

இரண்டு பக்கமும் நேருக்கு நேர் வெட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே என்று வெட்டி, காற்றை இரண்டு ஜிப்சம் பலகைக்கும் நடுவில் இருக்கும் பொந்து வழியாக விடுங்கள். சத்தம் நன்றாகக் குறையும். அந்தப் பொந்தில் குறுக்குச் சட்டமோ பஞ்சோ அடைத்திருக்கக் கூடாது. ஆனால் மாடிப்படி பக்கத்துச் சுவர் தீத்தடுப்புச் சுவராக இருந்தால் சாதா லூவருக்காகத் துளைக்கவே துளைக்காதீர்கள். தீ பிடித்தால் புகை அந்த வழியாகப் படிக்கட்டுக்குப் போய்விடும்.

ஸ்ப்ளிட் ஏசி அறைக்கு வேண்டுமா?

ஏசிக்காகத் தேவையில்லை. அது அறைக் காற்றையேதான் சுழற்றுகிறது; லூவர் வைத்தால் குளிர் ஹாலுக்குக் கசியும்.

மரமா, அலுமினியமா?

ஈரமான இடத்தில் மரம் ஊறி உப்பிவிடும். பவுடர் கோட்டிங் செய்த அலுமினியம் வாங்குங்கள். ஸ்க்ரூவில் நிற்கட்டும், சிலிக்கான் வைத்து ஒட்ட விடாதீர்கள். தூசி அடைத்ததும் கழற்றிக் கழுவ வேண்டும்.