கணக்குப் பேப்பரை முதலில் முடி

அன்புள்ள அக்கா,

நான் திருவொற்றியூரில் இருக்கிறேன், பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. அப்பா காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். சுனாமி நான் பிறப்பதற்கு முன்னால் வந்தது, ஆனால் அன்று படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததை அவர் சொல்லிச் சொல்லியே எனக்குப் புவி இயற்பியலில் ஆசை வந்தது. எம்.எஸ்சி.க்கு அதில்தான் சேர வேண்டும். மூன்றாம் ஆண்டு விருப்பப் பாடமாக நிலவியல் அறிமுகம், பைத்தானோடு எண்முறைக் கணிதம், எலெக்ட்ரானிக்ஸ் மூன்றில் ஒன்றை எடுக்க வேண்டும். சீனியர்கள் எல்லாரும் நிலவியல் என்கிறார்கள். கணக்கு அலைட் பேப்பரில் ஒரு அரியர் வேறு இருக்கிறது. எதை எடுப்பது?

எம்.

அன்புள்ள எம்.,

எண்முறைக் கணிதத்தை எடு. அதற்கும் முன்னால் அந்த அரியரை முடி, பாஸ் மார்க்குக்காக இல்லாமல் உட்கார்ந்து புரிந்துகொண்டு முடி. சீனியர்கள் அக்கறையில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் நான் பார்த்தவரை இந்தப் படிப்பில் திணறுகிறவர்கள் பாறையின் பெயர் தெரியாமல் திணறுவதில்லை, வகைக்கெழுச் சமன்பாடு கைவராமல்தான் திணறுகிறார்கள்.

அப்பா சொன்ன அந்த நாளையே எடுத்துக்கொள். 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா பக்கம் நிலம் உடைந்தது, நம் கரைக்குத் தண்ணீர் ஒன்பது மணி வாக்கில் வந்தது. ஏன் இவ்வளவு நேரம்? கடலின் ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுனாமியின் வேகம் வந்துவிடும். ஆழம் 3,500 மீட்டர் என்றால் நொடிக்குச் சுமார் 185 மீட்டர், அதாவது மணிக்கு 670 கிலோமீட்டர் போல. அதே அலை பத்து மீட்டர் ஆழத்துக்கு வரும்போது மணிக்கு 36 கிலோமீட்டர்தான். முன்னால் போவது மெதுவாக, பின்னால் வருவது முட்டிக்கொண்டு வர, தண்ணீர் மேலே எழும்பிவிடுகிறது. அந்த உடைப்பும் ஒரு புள்ளியில் நிற்கவில்லை, அந்தமான் வரைக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது, அதனால் தூரத்தை எங்கிருந்து அளப்பது என்பதே ஒரு கேள்வி. சரி, இந்தச் சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்று தோண்டினால் அலைச் சமன்பாடு வரும், அது ஒரு பகுதி வகைக்கெழுச் சமன்பாடு. உன் அரியர் பேப்பரைப் புரட்டிப் பார், அதற்கான அடிப்படை பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

நான் எம்.எஸ்சி. படித்த துறையில் நிலநடுக்கவியலையும் கணித முறைகளையும் ஒரே செமஸ்டரில் வைத்திருந்தார்கள். நிலநடுக்கவியல் வகுப்பில் முதல் வாரமே ஃபூரியே மாற்றம் வந்துவிட்டது, அதாவது ஒரு அலையை அதற்குள் இருக்கும் அலைவெண்களாகப் பிரிக்கும் கணக்கு, கணக்கு வகுப்பில் அதைத் தொட்டது செமஸ்டர் முடிகிற நேரத்தில். நடுவில் இருந்த அத்தனை வாரமும் போர்டில் எழுதியதை அப்படியே நோட்டில் இறக்கிக்கொண்டிருந்தேன். பாஸ் ஆகிவிட்டேன், ஆனால் அந்தப் பாடத்தை உண்மையில் படித்தது வேலைக்குப் போன பிறகு, ராத்திரி உட்கார்ந்து. அது இன்னும் உறுத்துகிறது. அதனால் சொல்கிறேன், எத்தனை பாடம் என்பதைவிட எது எதற்கு முன்னால் என்பதைப் பார். பல மாறிகளின் நுண்கணிதம், அணிகள் (மேட்ரிக்ஸ்), அப்புறம் வகைக்கெழுச் சமன்பாடுகள், அதன் பிறகு ஃபூரியே. வெக்டர் நுண்கணிதமும் மின்காந்தவியலும் இயற்பியலில் எப்படியும் வரும், ஈர்ப்பு அளவீடும் காந்த அளவீடும் அவற்றின் மேல்தான் நிற்கின்றன. இவ்வளவும் எம்.எஸ்சி. வாசலில் கால் வைக்கும்போது கையில் இருக்க வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் தேவைப்படும்போது கற்றுக்கொள்ளலாம்.

நிலவியலை விட்டுவிடச் சொல்லவில்லை. அது ஏன் வேண்டும் என்பது எனக்குச் சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் புரிந்தது. அங்கே ஊருக்கும் ஆலைகளுக்கும் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததில் 1960களின் கடைசியிலேயே கடல்நீர் உள்ளே வரத் தொடங்கிவிட்டது. எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க நான்கு எஃகு முளைகளை நேர்கோட்டில் சம இடைவெளியில் அடித்து, ஓரத்து இரண்டில் மின்சாரம் விட்டு, நடு இரண்டுக்கும் இடையே வோல்ட்டேஜ் எடுப்போம். மண் காய்ந்திருந்தால் முளையடியில் கொஞ்சம் உப்புத்தண்ணீர் ஊற்றுவோம். இடைவெளியை அகலமாக்க அகலமாக்க இன்னும் ஆழத்திலிருந்து சேதி வரும். ஒரு வயலோரம் மின்தடை எண் முப்பது, இருபது என்று இறங்கி ஐந்து ஓம் மீட்டர் கிட்டே வந்து நின்றது. உப்புத்தண்ணீரில் மின்சாரம் சுலபமாகப் போகும், அதனால் உவர்நீர் என்று நோட்டில் எழுதிவிட்டேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், அங்கே போர் போட்டபோது அந்த ஆழத்தில் கருங்களி வந்தது என்றார். களிமண்ணும் கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் காட்டும், கருவிக்கு வித்தியாசம் தெரியாது. மேலே எடுத்த ஒரே அளவுக்குக் கீழே பல விதமான நிலம் பொருந்தும், அவற்றில் எது நடக்கக்கூடியது என்று சொல்ல நிலவியல் வேண்டும், எந்தெந்த விதம் பொருந்தும் என்று கணக்கிட அணியும் கணினியும் வேண்டும். முதலாவதை லீவு நாளில் புத்தகமும் நடையுமாகப் பிடித்துவிடலாம், இரண்டாவதை அப்படி முடியாது.

மெரினா எதிரே மாநிலக் கல்லூரியில் நிலவியல் துறை இருக்கிறது. அங்கே படிக்கிற யாரையாவது தெரிந்துகொண்டு பாறையையும் கனிமத்தையும் கையில் வாங்கிப் பார். படம் பார்த்துப் படிப்பதும் எடை தெரியக் கையில் வைத்துப் பார்ப்பதும் ஒன்றல்ல.

எம்.எஸ்சி.க்குப் பிறகு வேண்டியதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள். மேற்படிப்புக்கான தேசிய அளவிலான கேட் (GATE) தேர்வில் நிலவியலும் புவி இயற்பியலும் ஒரே தாள்தான், ஆனால் புவி இயற்பியலுக்குத் தனிப் பகுதி உண்டு. யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு வழியாக இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் புவி இயற்பியலாளர்களை எடுக்கிறார்கள். நீ விண்ணப்பிக்கப் போகிற இடங்களின் தகுதிப் பக்கத்தை இந்த வாரமே படி, பி.எஸ்சி.யில் கணக்கு எத்தனை செமஸ்டர் இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருப்பார்கள்.

ஒரு வேலை தருகிறேன். அப்பாவின் படகில் எக்கோ சவுண்டர் இருந்தால், கரையிலிருந்து கிளம்பிப் போகும்போது மணிக்கொருமுறை ஆழத்தைக் குறித்துவரச் சொல். அந்தக் கருவி செய்வது இதுதான்: தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், போய்த் திரும்பிய நேரத்தில் பாதியை அதோடு பெருக்குகிறது. கடலடியில் எண்ணெய் தேடுகிறவர்கள் இதே எதிரொலியைத் தரைக்கு அடியிலிருக்கும் அடுக்குகளிலிருந்து வாங்குகிறார்கள். நீ அந்த ஆழங்களை வைத்து ஒவ்வொரு இடத்திலும் சுனாமி என்ன வேகத்தில் வந்திருக்கும் என்று பைத்தானில் போட்டு வரைபடமாக்கு, அப்பாவுக்குக் காட்டு, எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அக்கா