காலையில் ஆபரேஷன், சாயங்காலம் வீடு: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

கேள்வி: அப்பாவுக்குக் குடலிறக்கம், வயது 62. தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் காலையில் ஆபரேஷன் செய்து சாயங்காலமே அனுப்பிவிடுவோம், இதுவரை ஒருத்தர்கூட பிரச்சினை என்று திரும்பி வந்ததில்லை என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, வேதாரண்யம்

பதில்: அன்றைக்கே அனுப்புவதில் பயப்பட ஒன்றுமில்லை. 1909லேயே கிளாஸ்கோவில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற சர்ஜன், குழந்தைகளுக்கு ஏறத்தாழ 9,000 ஆபரேஷன்களை வார்டில் படுக்க வைக்காமலே செய்ததாகக் கணக்குக் காட்டியிருக்கிறார், அதில் குடலிறக்கமும் உண்டு.

எனக்கு உறுத்துவது அந்த ‘ஒருத்தர்கூட வரவில்லை’தான். ராத்திரி பதினோரு மணிக்குத் தையல் போட்ட இடத்தில் ரத்தம் கசிந்தால் வேதாரண்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் தஞ்சாவூருக்கா ஓடுவீர்கள்? பக்கத்து ஜி.எச்.சுக்குப் போவீர்கள், இல்லை திருத்துறைப்பூண்டிக்கு. அது தஞ்சாவூர் ஆஸ்பத்திரியின் கணக்கில் ஏறவே ஏறாது. அதனால் மறுநாள் யார் போன் செய்து விசாரிப்பார்கள், ராத்திரி அவசரம் என்றால் எந்த நம்பரில் யார் எடுப்பார்கள் என்று கேளுங்கள்.

போன மாதம் சாயங்காலம் அனுப்ப முடியாமல் எத்தனை பேரை ராத்திரி தங்க வைத்தீர்கள் என்றும் கேளுங்கள். அதற்கும் ‘யாருமில்லை’ என்றால் எனக்குச் சந்தேகம்தான். வாந்தி நிற்காதவர், வலி அடங்காதவர், முதுகில் ஊசி போட்ட பிறகு சிறுநீர் பிரியாதவர் என்று எந்த நல்ல ஆஸ்பத்திரியிலும் சிலர் இருப்பார்கள், அவர்களை நிறுத்தி வைப்பதுதான் தரம். ரத்த அழுத்தம், நடமாட்டம், வாந்தி, வலி, ரத்தக்கசிவு என ஐந்துக்கும் மார்க் போட்டு, பத்துக்கு ஒன்பதாவது வந்தால் அனுப்புகிற முறை ஒன்று இருக்கிறது. அப்படிப் பார்த்து அனுப்புகிறார்களா, படுக்கை வேண்டும் என்று அனுப்புகிறார்களா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தூரத்துக்கு, அன்று ராத்திரி மட்டும் தஞ்சாவூரிலேயே சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிவிடுவது நல்லது.

கேள்வி: காலை 7 மணிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள், தியேட்டருக்குள் போனது மதியம் 2 மணிக்கு. அதுவரை பச்சைத் தண்ணீர்கூட தரவில்லை. ‘நாங்கள் ஒரு நாளைக்குப் பதினைந்து கேஸ் பார்க்கிறோம்’ என்று பதில் வேறு. இது சரியா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: சரியில்லை. பொதுவாக, மயக்கம் கொடுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு வரை லேசான சாப்பாடு சாப்பிடலாம், 2 மணி நேரம் முன்பு வரை தண்ணீர் குடிக்கலாம். மதியம் ஆபரேஷன் என்றால் காலையில் இட்லிக்கும் நேரம் இருந்தது. எல்லாரையும் ஒரே நேரத்துக்கு வரவழைப்பது தியேட்டர் காலியாக நிற்கக்கூடாது என்பதற்காக. முன்னால் போன கேஸ் இழுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தாமதமானால் மன்னித்துவிடலாம், ஏழு மணி நேரம் என்றால் அது ஏற்பாட்டுக் கோளாறு.

பதினைந்து என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்துத் திறமையை அளக்க முடியாது. முதல் கேஸ் சொன்ன நேரத்தில் ஆரம்பித்ததா, இரண்டு கேஸுக்கு நடுவே எவ்வளவு நேரம் வீணானது, அன்று காலையில் வந்து ‘சுகர் ஏறியிருக்கிறது’, ‘ரத்தத்தை இளக்கும் மாத்திரையை நிறுத்தவில்லை’ என்று எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள், இதையெல்லாம் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது முந்தின வாரமே ஒழுங்காகப் பரிசோதித்திருந்தால் பெரும்பாலும் நடக்காது.

கேள்வி: 24 மணி நேரம் படுக்காவிட்டால் இன்சூரன்ஸ் கிடைக்காதாமே?
– வாசகர், திருவாரூர்

பதில்: கிடைக்கும். முன்பு ஒரு நாளுக்கு மேல் தங்க வேண்டியிருந்து, இப்போது தொழில்நுட்பத்தால் அதற்குள் முடிகிற ஆபரேஷன்கள் டே கேர் கணக்கில் வரும். வெறும் ஓ.பி.யில் செய்துகொண்டது அதில் சேராது. பாலிசியைப் படித்துவிட்டுத் தேதி வாங்குங்கள்.

கேள்வி: நான் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் எத்தனை கேஸ் என்று மட்டும்தான் ரிஜிஸ்டரில் எழுதுகிறோம். வேறு என்ன எழுதலாம்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அன்றே ரத்தானவர்களும் அதற்கான காரணமும், திரும்பத் தியேட்டருக்குப் போனவர்கள், ராத்திரி தங்கியவர்கள், மறுநாள் போனில் சொன்னது. இது போதும். போனில் ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டால் நம்ம ஊரில் எல்லாரும் ‘இருக்கேன்’ என்றுதான் சொல்வார்கள். ராத்திரி தூங்கினீர்களா, வேறு எந்த ஆஸ்பத்திரிக்காவது போனீர்களா என்று நேராகக் கேளுங்கள். அப்புறம், கண்புரையையும் பித்தப்பையையும் ஒரே கணக்கில் போடாதீர்கள், இருநூறு கண்புரைக்கு நடுவே பத்து பித்தப்பையில் நடந்த கோளாறு தெரியாமலே போய்விடும். நம்பர் வாங்கும்போது, வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகிற மகளுடையதோ மருமகளுடையதோ வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர் போனை எடுக்கவே மாட்டார்.