வலைப்பூவை மூட வேண்டாம், அண்ணாச்சி

அண்ணாச்சி, தாமிரபரணி அணைக்கட்டுகளைப் பற்றித் தாங்கள் எழுதிவரும் வலைப்பூவுக்கு இப்போது ஆள் வருவதில்லை, முகநூலுக்கே மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற வேண்டாம் என்பதே என் கருத்து. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலிக் குறுக்குத்துறையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று முகநூலில் எத்தனையோ பேர் படத்தோடு எழுதினார்கள். இன்று அவற்றில் ஒன்றைத் தேடி எடுக்க முயன்று பாருங்கள், அலுத்துப்போவீர்கள். மருதூர் அணைக்கட்டையும் கன்னடியன் கால்வாயையும் பற்றிய தங்கள் குறிப்புகள் ஊர்ப்பெயரும் ஆண்டும் கொண்ட தலைப்போடு வலைப்பூவில் இருந்தால், சேரன்மகாதேவியில் பாடத்துக்காகக் கூகுளில் தேடும் மாணவர் ஒருவருக்கு அவை பத்து ஆண்டு கழித்தும் அகப்பட வாய்ப்புண்டு. கூட்டம் முகநூலில்தான் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. அங்கே இரண்டு பத்தியும் ஒரு படமும் இட்டு, முழுக் கட்டுரைக்கு இணைப்புக் கொடுங்கள்.

வலைப்பூவும் சாசுவதமல்ல. தங்கள் வலைப்பூ இருக்கும் பிளாகர் தளம் 2003 முதல் கூகுளின் உடைமை, அதே கூகுள்தான் தன் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸை 2019இல் மூடியது. ஆகவே அமைப்புகள் பகுதியில் உள்ள காப்புப்பிரதி வசதியைக் கொண்டு பதிவுகளை அவ்வப்போது கணினியில் இறக்கிவையுங்கள். படங்களும் அதில் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள், வராவிட்டால் அவற்றைத் தனியே சேமிக்க வேண்டும்.