ஆரம்ப கால பேஸ்பால் பிட்சர்ஸ்ல (பேட்ஸ்மேனுக்கு பந்து எறியறவங்க) யாரோட வாழ்க்கை உங்களை ரொம்ப பாதிச்சது?

எனக்கு சார்லஸ் ராட்பர்ன் தான். ‘ஓல்ட் ஹாஸ்’னு கூப்பிடுவாங்க, ஹாஸ்னா குதிரை. 1854ல பிறந்தவர், இல்லினாய்ஸ்ல ப்ளூமிங்டன்ல வளர்ந்தார், அப்பா கறிக்கடைக்காரர், இவரும் அந்த வேலை செஞ்சவர் தான்.

1884 சீசனை மட்டும் சொல்றேன். ப்ராவிடன்ஸ் கிரேஸ் டீம்ல ரெண்டே ரெண்டு மெயின் பிட்சர், இவரும் சார்லி ஸ்வீனியும், ரெண்டு பேருக்கும் ஆகாது. ஜூலைல நிர்வாகத்தோட தகராறாகி இவரை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. அடுத்த சில நாள்லயே ஸ்வீனி ஒரு மேட்ச் நடுவுல மேனேஜர் சொன்னதை கேக்க மாட்டேன்னு கிளம்பி போயிட்டார், மிச்சம் எட்டு பேரை வச்சு ஆடி தோத்தாங்க, டீமே கலைஞ்சிடுங்கற நிலைமை.

அப்போ தான் ராட்பர்ன் வந்து, மீதி மேட்ச் எல்லாம் நானே போடறேன், ஆனா சீசன் முடிஞ்சதும் என்னை ஃப்ரீயா விட்டுடணும்னு கேட்டார். இது ஏன் அவ்ளோ பெரிய விஷயம்னா, அப்போ ரிசர்வ் ரூல்னு ஒண்ணு இருந்துச்சு, ஒரு டீம் உங்களை பிடிச்சு வச்சுக்கிட்டா அவங்களா விடாம நீங்க வேற டீமுக்கு போகவே முடியாது. அதாவது மனுஷன் தன்னோட கையை அடகு வச்சு தன்னோட சுதந்திரத்தை கேட்டிருக்கார், எனக்கு இதை படிக்கும்போதெல்லாம் மனசு என்னவோ பண்ணும்.

அந்த வருஷம் 73 மேட்ச் ஸ்டார்ட் பண்ணார், 73ஐயும் அவரே முடிச்சார். 678 இன்னிங்ஸுக்கு மேல, 441 ஸ்ட்ரைக்அவுட் (பேட்ஸ்மேனை பந்தை அடிக்க விடாம பிட்சரே அவுட் ஆக்கறது), 59 வெற்றி (60னு எண்ணறவங்களும் உண்டு). பேட்ஸ்மேன் வெறும் 50 அடி தூரத்துல நிப்பார்ங்கறது உண்மைதான், இன்னிக்கு மாதிரி 60 அடி ஆறு அங்குலம் இல்ல, ஆனாலும் அது மனுஷத் தோள்தானே! காலைல தலை சீவக்கூட கையை தூக்க முடியாதுன்னு சொல்லுவாங்க, மத்தியானம் கிரவுண்டுல மெதுவா எறிஞ்சு எறிஞ்சு சூடு பண்ணி மறுபடி போடுவார். லீக்கை ஜெயிச்சாச்சு, அப்புறம் இன்னொரு லீக்கை ஜெயிச்ச நியூயார்க் மெட்ரோபாலிட்டன்ஸ் டீமோட நடந்த மூணு மேட்ச்லயும் இவரே போட்டு ஜெயிச்சார்.

கேட்ட விடுதலை கிடைச்சும் சம்பளம் கூட்டிக் குடுத்ததால அதே டீம்லயே இருந்துட்டார். ஆனா அந்த கை திரும்ப அப்படி வரவே இல்ல. 1891ல ஆட்டத்தை விட்டுட்டு ப்ளூமிங்டன்ல ஒரு சாராயக்கடை நடத்தினார். வேட்டைக்கு போன இடத்துல துப்பாக்கி விபத்து, ஒரு கண்ணு போச்சு, முகத்தை யாருக்கும் காட்ட பிடிக்காம கடைக்கு பின்னாடி ரூம்லயே இருப்பாராம். 1897ல இறந்தப்போ வயசு 42. பேஸ்பால் ஜாம்பவான்களை கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேம்ல பேர் போட்டது 1939ல.