வெள்ளை ஒளி வரவில்லையா? திறனைக் கூட்டாதீர்கள்

கேள்வி: 800 நானோமீட்டர் டைட்டானியம் சஃபயர் லேசரின் 100 ஃபெம்டோ நொடித் துடிப்புகளை நெடுகக் காற்றுத் துளைகள் ஓடும் கண்ணாடி இழையான ஃபோட்டானிக் கிறிஸ்டல் ஃபைபருக்குள் செலுத்துகிறேன். நிறமாலை கொஞ்சம் அகலமாவதோடு சரி, வெள்ளை ஒளி வரவில்லை. முனையை ஆல்கஹாலில் துடைத்துவிட்டுத் திறனைக் கூட்டச் சொல்கிறார் ஃபைபர் விற்ற முகவர். கூட்டலாமா?

பதில்: வேண்டாம். ஃபைபரின் முனை கருகும், முகவருக்கு இன்னொரு ஆர்டர் கிடைக்கும், அவ்வளவுதான். 2000-இல் பெல் ஆய்வகத்தின் ஜினேந்திர ரங்கா குழு, இதே 100 ஃபெம்டோ நொடித் துடிப்பை 75 சென்டிமீட்டர் ஃபைபரில் விட்டு ஊதாவிலிருந்து அகச்சிவப்புவரை ஒளி எடுத்தது. உச்சத் திறன் கிலோவாட் அளவுதான். உங்கள் லேசரில் அது தாராளமாக இருக்கும்.

கோளாறு நிறப்பிரிகையில், அதாவது வெவ்வேறு நிறங்கள் ஃபைபருக்குள் வெவ்வேறு வேகத்தில் போவதில் இருக்கலாம். அது எந்த அலைநீளத்தில் பூஜ்யமாகிறது என்று முகவரிடம் கேளுங்கள். வெறும் சிலிக்கா கண்ணாடியில் அந்த அலைநீளம் சுமார் 1270 நானோமீட்டர். நடுத்தண்டை மெல்லியதாக்கிச் சுற்றிலும் காற்றுத் துளைகளை அடுக்கினால் அது கீழே இறங்கும். உங்கள் லேசர் அந்தப் புள்ளிக்குச் சற்றே நீள அலைப் பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் துடிப்பு சாலிட்டான்களாக (வடிவம் குலையாமல் ஓடும் ஒளிப் பொதிகளாக) உடைந்து, சிவப்புப் பக்கமும் நீலப் பக்கமும் ஒளியை விரிக்கும். குறுகிய அலைப் பக்கம் மாட்டிக்கொண்டால் துடிப்பு போகப்போக நீண்டு, உச்சத் திறன் விழுந்துவிடும். 1064 நானோமீட்டர் லேசருக்காகச் செய்த ஃபைபரைத்தான் உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள் என்பது என் சந்தேகம். நடுத்தண்டே இல்லாமல், நடுவில் காற்று மட்டும் உள்ள ஃபைபரும் இதே பெயரில்தான் விற்கிறது. அது வந்திருந்தாலும் வெள்ளை ஒளி வராது. புது நிறங்களை உண்டாக்கும் நேரியலற்ற விளைவு காற்றில், கண்ணாடியில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

கொள்முதல் படிவத்தில் நீளத்துக்கும் விலைக்கும் கட்டம் உண்டு, நிறப்பிரிகை வரைபடத்துக்குக் கிடையாது. குறைந்த விலைக்காரர் ஜெயிப்பார், பரிசோதனை தோற்கும். இதை எத்தனை தடவை சொல்வது!

ஒரு விலக்கு உண்டு. எந்த அலைநீளத்திலும் பூஜ்யத்தைத் தொடாத, ஆனால் அதை ஒட்டியே தட்டையாகப் போகும் நிறப்பிரிகை கொண்ட ஃபைபர்களை வேண்டுமென்றே செய்கிறார்கள். அவற்றில் சாலிட்டான் உடைவதில்லை. அகலம் குறைவு, ஆனால் துடிப்புக்குத் துடிப்பு நிறமாலை மாறாது. நுண்ணிய அளவீட்டுக்கு இதுவே மேல். நீங்கள் கேட்டு வாங்கியது அதுதான் என்றால், ஃபைபர் மேல் குற்றமில்லை. கேட்காமல் வந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

அப்புறம், அந்த ஆல்கஹால். துளைகள் அதை உறிஞ்சிக்கொள்ளும், ஃபைபரின் குணமே மாறிவிடும். முனை அழுக்கானால் துடைக்காதீர்கள், அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புது முனை எடுங்கள்.