அப்சைக்ளிங் என்றால் என்ன? ஒரு டிசைனர் அதையே முழுநேரத் தொழிலாகச் செய்ய முடியுமா?

கழிவை உருக்கியோ அரைத்தோ மறுபடி மூலப்பொருளாக்கினால் அது மறுசுழற்சி. உருக்காமல், அதே துணியை, அதே ரப்பரை வெட்டித் தைத்து முன்பைவிட மதிப்புள்ள பொருளாக்கினால் அப்சைக்ளிங். மிஞ்சிய இட்லியைத் திரும்ப மாவாக்க முடியாது. உதிர்த்துத் தாளித்தால் இட்லி உப்புமா. அவ்வளவுதான் விஷயம்.

தொழிலாகுமா? ஆகும். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் மார்க்கஸ், டேனியல் ஃப்ரைடாக் என்ற சகோதரர்கள் 1993-ல் அப்படித்தான் தொடங்கினார்கள். இருவரும் கிராஃபிக் டிசைனர்கள். சைக்கிளில் போகும்போது மழையில் நனையாத பை ஒன்று தேவைப்பட்டது. வீட்டுக்கு எதிரே ஓடிய லாரிகளின் தார்ப்பாய் கண்ணில் பட்டது. தார்ப்பாயில் பை, கார் சீட் பெல்ட்டில் தோள்வார், சைக்கிள் டியூபில் ஓரப்பட்டி.

ஏன் தார்ப்பாய்? பாலியஸ்டர் துணிமேல் பிவிசி பூசியது அது. இரண்டும் இறுக ஒட்டியிருப்பதால் பிரித்து மறுசுழற்சி செய்வது பெரும்பாடு. ஆனால் மழையைத் தாங்குவதும் அந்தப் பூச்சுதான். அப்புறம், எங்கே வெட்டுவது என்பதில்தான் டிசைனரின் கண் தெரியும். லாரியில் எழுதிய ஒரு பெரிய எழுத்தின் வளைவு மட்டும் பையில் விழுமாறு, பையின் வடிவிலுள்ள, ஒளி ஊடுருவும் மாதிரித் தகட்டை வைத்துக் கையால் வெட்டுகிறார்கள். அதனால் ஒரு பை போல இன்னொன்று இருக்காது.

“குப்பைதானே, மலிவாகத்தானே இருக்க வேண்டும்?” என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்த அழுக்குப் பாயிலிருந்து கொக்கிகளை அறுத்தெடுத்து, கழுவி, ஒவ்வொன்றாக வெட்டும் கூலியில் இருக்கிறது செலவு.