கணக்கு வகுப்பு கேள்வி-பதில்: மறுதேர்வு வைக்கும் முன்

தேர்வில் சறுக்கிய பிள்ளைக்கு மறுபடி கற்பித்துவிட்டு மறுதேர்வு வையுங்கள் என்று சென்ற முறை எழுதியதிலிருந்து கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மறுதேர்வில் வாங்கிய மார்க்கை அப்படியே பதிவதா, இரண்டுக்கும் சராசரி போடுவதா? (பட்டதாரி ஆசிரியை, விழுப்புரம்)

அப்படியே பதியுங்கள். ஆகஸ்டில் 20-க்கு 6, செப்டம்பரில் 17. சராசரி போட்டால் 11, 12 என்று ஏதோ வரும். அந்த எண் ஆகஸ்டில் இருந்த பிள்ளைக்கும் பொருந்தாது, இன்று உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் பொருந்தாது. இன்று என்ன தெரியும் என்று சொல்லத்தான் மார்க். இரண்டாவது முறை குறைந்துவிட்டால்? முதல்முறை மனப்பாடமாக எழுதியிருக்கலாம். கூப்பிட்டு உட்கார வைத்து இரண்டு கணக்கு வாயால் கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

எனக்கு ஐந்து செக்‌ஷன், செக்‌ஷனுக்கு 45 பேர். எல்லோருக்கும் மறுதேர்வு வைத்துத் திருத்த நேரம் ஏது சார்? (ஆசிரியர், திருவள்ளூர் மாவட்டம்)

எல்லோருக்கும் வைக்க வேண்டும் என்று நான் எழுதவே இல்லையே. எந்தக் கருத்தில் சறுக்கினார்களோ அவர்களுக்கு, அந்தக் கருத்தில் மட்டும். மூன்று வினா, பத்து நிமிடம் போதும். வகுப்பில் ஒரு கருத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் பெரும்பாலும் மிஞ்ச மாட்டார்கள். மிஞ்சினால் அது மறுதேர்வு வைக்கிற விஷயமில்லை, பாடத்தையே மறுபடி நடத்த வேண்டும் என்று பொருள்.

ஆனால் இதற்கு உங்கள் மார்க் நோட்டு மாற வேண்டும். ‘முதல் இடைத்தேர்வு: 50-க்கு 31’ என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு யாருக்கு எதை மறுபடி கேட்பீர்கள்? பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியல் என்றால் பரப்பு, சாய்வு, நேர்க்கோட்டின் சமன்பாடு, இணை–செங்குத்துக் கோடுகள் என்று நான்கு கட்டம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் புரிந்தது, பாதி, இன்னும் இல்லை என மூன்றில் ஒரு குறி. தாள் திருத்தும்போதே போட்டுவிடலாம், கூடுதல் நேரம் பெரிதாக ஆகாது.

என் மகள் முதல் தேர்விலேயே 80 வாங்கினாள். 38 வாங்கிய பையனுக்கு மறுதேர்வில் 81 கொடுத்திருக்கிறார்கள். நியாயமா? (தாய், மதுரை)

நியாயம்தான். அந்தப் பையன் கற்றுக்கொண்டதால் உங்கள் மகளுக்குத் தெரிந்தது எதுவும் குறையவில்லை.

எங்கள் பள்ளியில் பாதி மார்க்குக்குக் கீழே வாங்கியவர்களைத் தவறான கணக்குகளைப் பத்து முறை எழுதி வரச் சொல்லி, மறுநாள் காலை அதே வினாத்தாளைக் கொடுக்கிறோம். தேர்ச்சி 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. இதுவும் புரிதலை மதிப்பிடும் முறைதானே? (உதவித் தலைமையாசிரியர், சேலம் மாவட்டம்)

இல்லை ஐயா. இதைப் பல முறை எழுதிவிட்டேன், மறுபடியும் எழுதுகிறேன்: இடையில் கற்பித்தல் நடக்காத மறுதேர்வு வேண்டவே வேண்டாம்.

ஒரு இரண்டு மார்க் வினாவை எடுத்துக்கொள்வோம். 3, 7, 11, … என்ற கூட்டுத் தொடர்வரிசையின் 20-ஆவது உறுப்பு என்ன? ஒரு மாணவி 3 + 20 × 4 = 83 என்று எழுதுகிறாள். இன்னொரு மாணவி 3 + 19 × 4 என்று சரியாக ஆரம்பித்து, பெருக்கலில் சறுக்கி, 3 + 66 = 69 என்று முடிக்கிறாள். இரண்டு விடையும் தவறு. உங்கள் முறையில் இருவரும் பத்து முறை எழுதுவார்கள். இரண்டாவது மாணவிக்கு அது தேவையே இல்லை. தொடர்வரிசை அவளுக்குப் புரிந்திருக்கிறது, 19 × 4 மட்டும்தான் பிசகிவிட்டது. முதல் மாணவிக்கோ ஏன் ஒன்றைக் கழிக்கிறோம் என்பதே தெரியவில்லை. ‘3 + 19 × 4 = 79’ என்று பத்து முறை எழுதினால் அது எப்படித் தெரிய வரும்? மறுநாள் காலை 79 என்று எழுதி முழு மார்க் வாங்குவாள். இரண்டு வாரம் கழித்து 5, 8, 11, … கொடுத்து 30-ஆவது உறுப்பைக் கேளுங்கள், 5 + 30 × 3 என்றுதான் தொடங்குவாள். நீங்கள் சொல்லும் 90 சதவீதம், முந்தின நாள் இரவு எழுதியது காலைவரை நினைவில் நின்றதற்கான கணக்கு.

அவளுக்குச் செய்ய வேண்டியது என்ன? தாளைக் கையில் கொடுத்து, “நீ எழுதின 83 இந்த வரிசையில் எத்தனையாவதா வருது, எண்ணிப் பாரும்மா” என்று கேளுங்கள். எண்ணுவாள், 21-ஆவது என்று வரும். அப்புறம் முதல் உறுப்புக்கு எத்தனை தடவை 4 கூட்டினோம் என்று கேளுங்கள். ஒரு தடவையும் இல்லை. இரண்டாவதுக்கு ஒரு தடவை, மூன்றாவதுக்கு இரண்டு. இருபதாவதுக்குப் பத்தொன்பது என்று அவள் வாயிலிருந்தே வரும். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

மூன்று நாள் கழித்து வைக்கும் மறுதேர்வில் வேறு வினா கேளுங்கள். எண்ணை மட்டும் மாற்றினால் போதாது, கேட்கும் விதமே மாறட்டும். ‘ஒரே நேர்க்கோட்டில் 4 மீட்டர் இடைவெளியில் 20 கம்பங்கள் நட்டால், முதல் கம்பத்துக்கும் கடைசிக் கம்பத்துக்கும் எவ்வளவு தூரம்?’ 76 என்று எழுதினால் புரிந்துவிட்டது. 80 என்று எழுதினால் இன்னும் இல்லை, இன்னொரு தடவை உட்கார வேண்டும்.

இது ஒன்றும் புதுச் சரக்கும் இல்லை. அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1968-லேயே விளக்கிய முறை: தேர்வு, குறையைக் கண்டு திருத்தும் கற்பித்தல், பிறகு அதே கருத்தில் வேறு வினாக்களுடன் இரண்டாம் தேர்வு. நம் பள்ளிகளில் முதலும் கடைசியும் மட்டும் வந்து சேர்ந்தன, நடுவில் இருந்தது விட்டுப்போய்விட்டது. அந்த இடத்தில் இம்போசிஷனை உட்கார வைத்தோம். கணக்கைத் தண்டனையாக எழுதிய பிள்ளை கணக்கை வெறுக்காமல் வேறென்ன செய்யும்? தயவுசெய்து நாளை முதலாவது நிறுத்துங்கள்.

மகனுக்குக் கணக்கு சுத்தமாக வரவில்லை. உடனே வழி சொல்லவும். (தந்தை)

எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்த இடத்தில் தடுக்குகிறது, எதுவும் இல்லை. இதை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல? திருத்திய விடைத்தாளின் படத்தை அனுப்புங்கள். மார்க் எனக்கு வேண்டாம், பையன் எழுதிய படிகள்தான் வேண்டும்.

பொதுத்தேர்வில் மறுவாய்ப்பு கிடையாது. பள்ளியில் மட்டும் கொடுத்துப் பழக்கினால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா? (பெற்றோர், கோவை)

கிடையாதா? பத்தாம் வகுப்பில் தவறினால் துணைத் தேர்வு இருக்கிறது. பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் 2019 முதல் ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் நடக்கிறது, அதிக மதிப்பெண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பிலும் 2026 முதல் விருப்பப்பட்டால் மூன்று பாடம்வரை இரண்டாவது முறை எழுதலாம், கணிதமும் அதில் உண்டு.

மறுதேர்வுதான் இருக்கிறதே என்று சிலர் முதல் தேர்வுக்குப் படிப்பதே இல்லை. (ஆசிரியை, தஞ்சாவூர்)

நுழைவுச் சீட்டு வையுங்கள். தவறிய ஒவ்வொரு கணக்கிலும் எங்கே தவறினேன், ஏன் என்று தன் சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுதி வந்தால்தான் மறுதேர்வு. கைடைப் பார்த்து நகலெடுத்தால் செல்லாது. ஒரு வாரம் கெடு, அதற்கு மேல் இல்லை. இந்த வேலை முதலிலேயே படிப்பதைவிட அதிகம் என்று பிள்ளைகள் சீக்கிரமே கண்டுகொள்வார்கள்.

நோட்டு அட்டை, வருகை, வீட்டுப்பாடம் இவற்றுக்கும் வளரறி மதிப்பீட்டில் (பாடம் நடக்கும்போதே வகுப்பில் செய்யும் மதிப்பீடு) மார்க் சேர்க்கலாமா?

கூடாது. பாராட்ட வேண்டுமானால் தனியாகப் பாராட்டுங்கள். நோட்டுக்கு அட்டை போட்டதற்கு ஐந்து மார்க் கொடுத்தால் பின்னம் தெரியாதது மறைந்துவிடும்.

விடைத்தாளில் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறேன். யாரும் படிப்பதில்லை. (ஆசிரியர், நாகர்கோவில்)

மார்க்கையும் அதே தாளில் போட்டுக் கொடுக்கிறீர்கள், அதுதான் காரணம். இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-ல் இதைச் சோதித்து வெளியிட்டார். ஒரு குழுவுக்கு மார்க் மட்டும், ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். முன்னேறியது குறிப்பு மட்டும் பெற்ற குழு. இரண்டும் பெற்றவர்கள், மார்க் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். குறிப்போடு தாளை இன்று கொடுங்கள், மார்க்கை இரண்டு நாள் கழித்துச் சொல்லுங்கள். பக்கம் பக்கமாகவும் வேண்டாம், ஒரு கணக்குக்கு ஒரு கேள்வி போதும்.

மெல்லக் கற்போருக்குச் செய்முறை வடிவியல், வரைபடம், ஒரு மார்க் இவற்றை மட்டும் பயிற்சி கொடுத்துத் தேர்ச்சி பெற வைக்கிறோம். தவறா? (ஆசிரியர், கிருஷ்ணகிரி)

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் செய்முறை வடிவியல், வரைபடம் என எட்டு மார்க் வினா இரண்டுக்கு 16, ஒரு மார்க் வினா பதினான்குக்கு 14, ஆக 30. அதோடு இரண்டு மார்க் வினா மூன்று சேர்ந்தால் தேர்ச்சிக்கான 35-ஐத் தாண்டிவிடலாம். பிப்ரவரி மாதத்தில் நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஜூன் மாதமே இப்படித் தொடங்குவதுதான் தவறு. வரைபடத்தையே புரிதலுக்கும் பயன்படுத்தலாமே. y = x² + x – 2 வரைந்த மாணவனிடம், “இது x அச்சை எங்கே வெட்டுது? அங்கே y எவ்வளவு? அப்ப x² + x – 2 = 0-க்குத் தீர்வு என்ன?” என்று தாள் திருத்தும்போதே கேளுங்கள். –2, 1 என்று சொல்லி, ஏன் என்றும் சொன்னால் இருபடிச் சமன்பாட்டுக் கட்டத்திலும் அவனுக்குக் குறி போடுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் எட்டு மார்க்கைக் குறைக்க வேண்டாம், அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள்.